கதவைத் தட்டியது கல்தான்

எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஆள் கட்சிக்கு அண்ணன் தலைவன், கல் கட்சிக்கு நான். தொண்டர்கள் கிடையாது. அண்ணன் மனைவி, என் மைனி, இரண்டிலும் சேராமல் இரண்டு தலைவர்களுக்கும் சாயா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தகராறு ஒரு விண்வெளிப் படத்தைப் பற்றி. முதல் பாகத்தில் ஓர் எஞ்சினியர் பழுது பார்க்கக் கப்பலுக்கு வெளியே போகிறான். கயிறு அறுந்துவிடுகிறது. இருட்டுக்குள் சிறிதாகிச் சிறிதாகிக் காணாமல் போகிறான். உள்ளே இருப்பவர்கள் அழுகிறார்கள், கதவை அடைக்கிறார்கள், கப்பலைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள். எல்லோரும் தூங்கும்போது வெளிக்கதவில் ஒரு சத்தம். டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். திரை இருண்டுவிடும். மிச்சம் இரண்டாம் பாகத்தில்.

தட்டியது அவன்தான், எப்படியோ திரும்பி வந்துவிட்டான் என்பது அண்ணனின் வாதம். அங்கே மிதக்கும் கல் ஏதோ வந்து மோதியது என்பது என்னுடையது. கழக்கூட்டம் ஐ.டி. வளாகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் நான். சாலை பஜார் கடைகளுக்குக் கணக்கெழுதுகிறவன் அவன். ஆனால் அந்த எஞ்சினியரின் ஆக்சிஜன் குப்பியில் எவ்வளவு காற்று மிச்சம், எந்தக் கோணத்தில் கயிறு அறுந்தது என்றெல்லாம் அவன்தான் அடுக்குவான். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் பிடிவாதம். அதையும் அவனிடமிருந்துதான் கற்றேன்.

"ரெண்டு பேரும் சேந்து அந்த மனுசன உள்ள விடுங்கடே," என்று மைனி அடுக்களையிலிருந்து சத்தம் போடுவாள். "பாவம், எம்புட்டு நேரமா வெளிய நிக்கான்."

படம் பார்த்த பிறகு அண்ணன் தன் ஃபிளாட்டின் காலிங்பெல்லைத் தொடுவதையே விட்டுவிட்டான். டொக் டொக், இடைவெளி, டொக். நான் அங்கே சோபாவில் கிடந்தால் எழுந்திருக்க மாட்டேன். "கல்லாக்கும், மைனி. தெறக்காதீங்க!" என்பேன். "லேய், கல்லு உன் மண்டைலதான் இருக்கு," என்று வெளியிலிருந்து பதில் வரும். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மைனிதான் வந்து திறப்பாள்.

எங்களைப்போல் வேலை குறைவாகவும் வாய் நீளமாகவும் உள்ள சிலர் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். பாதிப்பேர் மலையாளத்தில் எழுதுவார்கள், பாதிப்பேர் தமிழில். திட்டும்போது மட்டும் மொழி மாறிக்கொள்வோம். வயதில் மூத்தவன் என்பதால் எல்லோருடைய போனிலும் அண்ணனின் எண் 'அண்ணன்' என்றே பதிவாகியிருந்தது.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்காரர்களோடு பொன்முடிக்குப் போனான். இறங்கி வரும்போது கல்லாற்றில் குளித்திருக்கிறார்கள். மலையில் பெய்த மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. வெள்ளம் வந்தபோது கரையேறியவர்களில் அண்ணன் இல்லை. ரொம்பக் கீழே, சில நாள் கழித்துத்தான் கிடைத்தான். அடைத்த பெட்டியாகத்தான் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். முகத்தையாவது காட்டுங்க என்று மைனி கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். அதன்பின் யாரும் எழுதவில்லை. அவன் எண்ணை நீக்க யாருக்கும் கை வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், இரண்டாம் பாகத்தின் டிரெய்லர் வந்தது. 'கதவு திறக்கும்' என்பது விளம்பர வாசகம். கப்பலின் வெளிக்கதவுக் கண்ணாடியில் கையுறை போட்ட ஒரு கை வந்து பதிவதோடு டிரெய்லர் முடிந்தது. செத்துக் கிடந்த குழு எழுந்து உட்கார்ந்தது. எல்லாவற்றையும் டிரெய்லரிலேயே காட்டிவிட்டால் எதற்குத் தியேட்டருக்குப் போவது என்று ஒரு கூட்டம். முதல் பாகத்து டிரெய்லரில் காட்டிய காட்சி படத்திலேயே இல்லை, இதுவும் அப்படித்தான், நம்மைக் காக்கவைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று இன்னொரு கூட்டம். எதிர்பார்ப்பை இப்படி ஏற்றினால் எந்தப் படமும் தாங்காது என்று நானும் தத்துவமாக ஒன்று எழுதிவிட்டு, அலுவலகக் கேன்டீனில் பழம்பொரியைக் கடித்தேன்.

அப்போது அந்தச் செய்தி வந்தது.

'கயிறு அறுந்தபோது அவன் கையுறையில் பெருவிரல் பக்கம் கிழிந்திருந்தது. இதில் கிழிசல் இல்லை. இது வேற ஆளோட கை. ஏமாறாதீங்க.'

அனுப்பியவர்: அண்ணன்.

பழம்பொரி கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் முதுகில் குத்தினார். விண்வெளியில் பேய் கிடையாது என்று வருஷக்கணக்காக வாதாடிய கல் கட்சித் தலைவர் தண்ணீர் கேட்டுக் கையை ஆட்டியதைக் கேன்டீனே பார்த்தது. போனில் ஒருவன், 'எந்தா இது? பேடிப்பிக்கல்லே!' என்று எழுதியிருந்தான். பயமுறுத்தாதே என்கிறான். இன்னொருவன் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டே போய்விட்டான்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மைனி சோபாவில், அவன் அன்று ஆற்றங்கரையில் விட்டுப்போன போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களா மைனி?"

"பின்னே? ஆவியா வந்து டைப் அடிக்கும்?"

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. நான் போய்ச் சேந்திருப்பேன்."

"உனக்கு ஒண்ணும் ஆகாது. கல்லுல்லா நீ."

பழைய சண்டைகளையெல்லாம் முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். "வாசிச்சா அவரு பேசுகது காதுல கேக்கும் தம்பி. நீ எழுதினத வாசிச்சா எரிச்சல் வரும். சரி, வீட்ல பழைய மாதிரியே இருக்குன்னு தோணும்." அதற்காகவே முதல் பாகத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். கையுறைக் கிழிசல் அவளே கண்டுபிடித்தது. அண்ணன்கூடக் கவனிக்காதது.

அவள் கல்யாணமாகி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பரீட்சைக்குப் படிக்காமல் சினிமாப் பத்திரிகையை ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து அப்பாவிடம் கொடுத்ததும் இதே கண்தான்.

குழுவில் விஷயத்தைச் சொன்னேன். தனியாகப் பேசும்போது எல்லோரும் அவளை 'சேச்சி' என்றார்கள். விவாதத்தில் இறங்கினால் மட்டும், 'அண்ணன் சொல்றது சரி', 'அண்ணன் சும்மா வாதாடறார்'. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆள் கட்சிக்குத் தலைவர் திரும்பக் கிடைத்துவிட்டார். முன்னைவிட மோசமான தலைவர், வாயைத் திறக்கவிடமாட்டார். வெளியீட்டைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்த அன்று குழுவே கொதித்தது. மைனி பால்பாயசம் வைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு மைனி?"

"படம் வந்தா பேச்சு முடிஞ்சிரும்லா," என்றாள்.

விளம்பரக்காரர்கள் விடவில்லை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரேடியோவில் டொக் டொக். போனில் பாட்டு கேட்டால் நடுவே டொக் டொக். கழக்கூட்டம் பஸ் ஸ்டாப்பில் கப்பல் கதவு மாதிரி ஒரு விளம்பரத் தட்டி வைத்து, அதற்குள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி ஸ்பீக்கர் பொருத்திவிட்டார்கள். ஹைவே இரைச்சலையும் மீறி அது கேட்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சிரித்தார்கள். நான் அடுத்த ஸ்டாப் வரை நடந்துபோய் ஏற ஆரம்பித்தேன். தொப்பை குறைய என்று கேட்டவர்களிடம் சொன்னேன். தொப்பை அதை நம்பவில்லை.

ஒருநாள் மைனி வீட்டில் இருந்தேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மைனி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விளம்பர இடைவேளை. படம் எதுவும் இல்லாமல் வெறும் கறுப்புத் திரை. டொக் டொக். இடைவெளி. டொக்.

மைனி எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வேகமாகக்கூட இல்லை, எப்போதும்போலப் போய்க் கதவைத் திறந்தாள். வெளியே வராந்தா. எதிர் ஃபிளாட் வாசலில் ஈரக்குடை ஒன்று விரித்து வைத்திருந்தது. அவ்வளவுதான்.

"டிவியாக்கும், மைனி."

"தெரியும்," என்றாள். திரும்பாமலே நின்றாள். பிறகு வந்து பழையபடி காய் நறுக்கினாள். கதவை அடைக்கவில்லை. நான் கிளம்பும்வரை அது திறந்தேதான் கிடந்தது. என் வாயிலிருந்து அன்று ஒரு வேடிக்கையும் வரவில்லை. வாழ்க்கையில் அப்படி ஆவது அபூர்வம்.

மறுநாள் குழுவில் அந்த விளம்பரத்தைத் திட்டி நீளமாக எழுதினேன். இது மலிவான தந்திரம், வீடுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை என்று. 'கல் கட்சிக்குத் தோல்வி பயம்' என்று ஒருவன் பதில் போட்டான். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்று அண்ணன் எண்ணிலிருந்து.

கடைசியில் படம் வந்தேவிட்டது. முதல் நாள் காலைக் காட்சிக்கு எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தோம். மைனி வரமாட்டேன் என்றாள்.

"நீ பாத்துட்டு வா. யாரு தட்டினான்னு மட்டும் எனக்குச் சொல்லு. அவன் வந்தானா வரல்லியா, அதுபோதும்."

"சரி மைனி."

"பொய் சொல்லாத. பொய் சொன்னா உனக்கு மூக்கு விடைக்கும்."

தியேட்டரில் விசில், காகிதம், கூச்சல். முந்தைய வரிசையில் ஒருவன் விண்வெளி ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து எனக்குப் பாதித் திரையை மறைத்தான். கதை பல வருஷங்கள் கழித்து ஆரம்பித்தது. கேப்டனுக்கு நரைத்துவிட்டது. புதிதாக வந்த ஒரு பெண் கேட்கிறாள்: அன்றைக்கு வெளியே ஏதோ சத்தம் பதிவாகியிருக்கிறதாமே? கேப்டன் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொல்கிறார்: கல். சின்னச் சின்னக் கல். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் வேறொரு கிரகத்தில் சண்டை. டிரெய்லரில் வந்த கையைக் காணோம்.

தியேட்டரே கூவியது. "பற்றிச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள். ஏமாற்றிவிட்டார்களாம். எங்கள் குழுவினர் என் பக்கம் திரும்பி முதுகில் அறைந்தார்கள். "ஜெயிச்சல்லோ!"

ஆமாம், ஜெயித்துவிட்டேன். அண்ணனிடம் எந்த விஷயத்திலும் ஜெயித்ததில்லை, கேரம்போர்டில்கூட. இடைவேளையில் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, 'ஆமா மைனி, அவன்தான் வந்திருந்தான்' என்று சொல்லிப் பார்த்தேன். மூக்கு விடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இன்னும் அதிகமாக விடைத்தது. கை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயைக்கூட மூடாமல் வெளியே போனார்.

மத்தியானம் மைனி வீட்டு வாசலில் நின்று பெல்லை அழுத்தினேன். சத்தமில்லை, கரன்ட் போயிருந்தது. வேறு வழியில்லாமல் கதவை விரலால் தட்டினேன். அந்தத் தாளத்தில் இல்லை. அதில் கவனமாக இருந்தேன். சாமிக்குத் தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரே தட்டு.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கல்லா?"

"கல்லுதான் மைனி," என்றேன். சொன்ன பிறகுதான், கேட்ட கேள்விக்கும் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது.

கதவு திறந்தது. அவள் என் மூக்கைப் பார்த்தாள். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

"அப்போ வரல்லியா?"

"கல்லுன்னு கேப்டன் சொல்லுகான் மைனி. ஒரு வரிதான். காப்பி குடிச்சிட்டே."

மைனி சோபாவில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடவில்லை. இத்தனை வருஷமாக அண்ணனோடு நான் போட்ட சண்டை அந்த அறையில் முடிந்து கிடந்தது. அதை நான்தான் முடித்து வைத்திருந்தேன்.

"கேப்டன் கதவத் தெறந்து பாத்தானா?" என்றாள் மைனி.

"எப்போ?"

"அன்னைக்கு. சத்தம் கேட்டப்போ. தெறந்து பாத்தானாடே?"

"இல்ல. எல்லாரும் தூங்கிட்டுல்லா இருந்தாங்க."

"பெறவாவது வெளிய போயி, கல்லு கிடக்கான்னு பாத்தானா?"

"அப்படி ஒண்ணும் காட்டல்ல."

"அப்போ அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கோபமில்லை. அண்ணன் குப்பிக் காற்றைக் கணக்குப் போடும்போது வரும் அதே குரல். "யாரும் தெறந்து பாக்கல்ல. கல்லுன்னு சொல்லிட்டா கல்லாயிருமா?"

அவள் அண்ணன் போனை எடுத்தாள். என் சட்டைப் பையில் என் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

'கேப்டன் கதவைத் திறந்து பார்த்தானா? பார்த்தவர்கள் மட்டும் பதில் சொல்லவும்.'

படத்தைத் திட்டி ஓய்ந்திருந்த குழு பொங்கி எழுந்தது. அதானே, என்றான் ஒருவன். அண்ணன் சொன்னது கரெக்ட், கேப்டன் பொய் சொல்றான், என்றான் இன்னொருவன். மூன்றாம் பாகத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஹெல்மெட் போட்டவன் தன் தியேட்டர் போட்டோவோடு எழுதினான். அவன் எங்கள் குழுவில்தான் இருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கல் கட்சித் தலைவரின் பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

நான் எழுதினேன்: 'லேய், அது கல்லுதான்.'

நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் குழுவின் பெயருக்குக் கீழே, அண்ணன் டைப் செய்கிறார் என்று வந்தது.