கூரையைத் தொடாத சுவர்

தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இடைவெளி. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் எல்லோருக்கும் ஒரே கூரை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. காற்று போகட்டும் என்று விட்டானா, பலகையை மிச்சம் பிடித்தானா, தெரியாது. நாங்கள் பேசுவது கேட்க வேண்டும் என்றும் இருக்கலாம். எங்களை வேலை வாங்கிய மண்டோர் அதே லயத்தின் கடைசி வீட்டில்தான் இருந்தார்.

அக்கா பக்கத்து வீடு. அவளுக்கு இனிப்பு நீர் வியாதி. ஊசி போட்டுக்கொள்வாள். ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் வேர்த்துக் கொட்டும், நாக்குக் குழறும், விழுந்துவிடுவாள். அப்படி வரும்போது சுவருக்கு மேலே பார்த்து "ஏய்" என்பாள். அவ்வளவுதான். நான் சீனித் தண்ணி கலக்கிக்கொண்டு ஓடுவேன். சில நாள் கூப்பிடவும் வேண்டாம். அவள் பாத்திரம் வைக்கிற சத்தம் மாறினாலே எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த இடைவெளியை நாங்கள் வெறுத்தோம். அதையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுச் சண்டை எல்லா வீட்டுக்கும் கேட்கும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். வைத்தாலும் தப்ப முடியாது. மறுநாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற இடத்தில் ஒருவன் கேட்பான்: "என்ன மச்சான், நேத்து ரொம்ப நேரம் பாட்டு கேட்ட போல?"

தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். அதையும் அழித்து வீடமைப்பு என்றார்கள். மிச்சம் இருந்த குடும்பங்களுக்கு ஈப்போவில் மலிவு விலை அடுக்குமாடி என்று முடிவானது. கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். எங்கள் தொகுதி ஒய்.பி. வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். ஆம்பளைகள் நிலம் கேட்டார்கள், தரைவீடு கேட்டார்கள். பார்க்கலாம் என்றார். பெண்கள் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன்.

"சுவரு கூரை வரைக்கும் இருக்கணும் ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "கூரை வரைக்கும் சுவர். வாக்குக் கொடுக்கிறேன்" என்றார். கைதட்டினார்கள். அந்த வாக்கை மட்டும் குறையில்லாமல் நிறைவேற்றினார்கள்.

குலுக்கலில் அக்காவுக்கு வேறு மாடி விழுந்தது. என் பக்கத்து வீடு விழுந்த மலாய்க்காரக் குடும்பத்தோடு பேசி மாற்றிக்கொண்டோம். முதல் நாள் சாயங்காலம் சமைத்துக்கொண்டே, "அக்கா, உப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காத்து நின்றேன். சிமெண்டுச் சுவர் சும்மா இருந்தது.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன். கதவைத் திறந்து அவள் கதவைப் பார்ப்பேன். தட்டினால், "இப்பத்தானே பாத்துட்டுப் போனே?" என்பாள். திரும்பி வருவேன். மறுபடி எழுந்திருப்பேன். வேலைக்குப் போனாலும் இதே நினைப்பு.

பழைய டவுனில் ஒரு ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் போவேன். கூரை கடைக்காரனுடையது, பாதை நடக்கிறவனுடையது. மழைக்கு யாரும் ஒதுங்கலாம். இப்போது காப்பிக்கடைகளெல்லாம் அழகாகிவிட்டன. அஞ்சடியில் பூந்தொட்டியும் நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். போகாதே என்று யாரும் சொல்வதில்லை. நாமாகவே இறங்கி வெயிலில் நடக்கிறோம். ஆபீஸ் உள்ளே சுவர்களெல்லாம் கண்ணாடி. முதலாளி அறைக்கு மட்டும் உள்ளிருந்து திரை. யார் யாரைப் பார்க்கலாம், யார் பேச்சு யாருக்குக் கேட்கலாம் என்பதை முதலிலேயே கோடு போட்டு வைத்துவிடுகிறார்கள். நாம் பிறகு வந்து அதற்குள் புழங்குகிறோம். கண்ணாடியைத் துடைக்கும்போது இதைத்தான் யோசிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டில்தான் இருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி நேரத்துக்கு அக்கா வரவில்லை. என்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தேன். நடுச்சுவர் ஓரமாக விழுந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. சீனியை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னை முறைத்தாள். "எத்தனை வாட்டி கூப்பிட்டேன். எங்க போய்த் தொலைஞ்ச?"

"வீட்லதான் இருந்தேன். போன் அடிக்கலியேக்கா."

"போனா?" கொஞ்சம் யோசித்தாள். "சுவரைப் பாத்துல்ல கூப்பிட்டேன்."

விழுந்து கிடந்தபோதும் போன் அவள் மடியிலேயே செருகியிருந்தது. நான் கோபப்படவில்லை. நானாக இருந்தாலும் சுவரைத்தான் பார்த்திருப்பேன்.

அவள் மகன் கிள்ளானில் லாரி ஓட்டுகிறான். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவனும் வந்தான். அவன் வீட்டிலும் பகலில் ஆள் கிடையாது, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

"சின்னம்மா, இங்க விழுந்தா யாருக்குக் கேக்கும்? தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன்."

அக்கா படுத்தபடியே சொன்னாள்: "தஞ்சோங் ரம்புத்தானா? பைத்தியம்னே முடிவு பண்ணிட்டியாடா?"

"அம்மா, பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேற லா. இது வயசானவங்க இருக்கிற எடம்."

"ரெண்டுக்கும் ஒரே பஸ்தான்."

அவன் சிரிக்கவில்லை. ஒரு மாதம் பொறுக்கிறேன், அதற்குள் ஒரு வழி பண்ணுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

என்னோடு வந்து இரு என்றேன். மாட்டேன் என்றாள். "இப்பத்தான் என் பேருல ஒரு கதவு இருக்கு. அதை விட்டுட்டு வருவேனா?" போனைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கிறது என்று கழற்றி ஆணியில் தொங்கவிட்டாள்.

அடுக்குமாடி ஆபீசுக்குப் போனேன். சுவரில் மேலாக ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அங்கே இருந்த அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, மேல இருக்கிற அத்தனை வீட்டையும் அந்தச் சுவருதான் தாங்குது. கைய வைக்க முடியாது லா."

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லயத்துச் சுவர் எதையும் தாங்கவில்லை. குறுக்கே நின்றது, அவ்வளவுதான். அதனால் குட்டையாக நிற்க முடிந்தது. இது ஆட்களைச் சுமந்து நிற்கிறது. அதன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை. மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அடுப்படி ஜன்னல் வெளியே பார்க்காது. கட்டடத்தின் நடுவில் கீழிருந்து மேல் வரைக்கும் கிணறு மாதிரி ஒரு வெற்றிடம் இருக்கிறது. எல்லா வீட்டு அடுப்படியும் அதற்குள்தான் திறக்கும். அடுத்தவர் வாசம் வரும் என்று நான் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பேன், அன்றைக்குப் புகை போகத் திறந்திருந்தேன். அதன் வழியாக அக்காவின் முனகல் வந்தது.

"கருக்கிட்டா. இத்தனை வயசாகியும் நெத்திலி வறுக்கத் தெரியல."

கரண்டியை நிறுத்தினேன். "கருகலக்கா."

அவள் ஜன்னல் பக்கம் வருகிற சத்தம் கேட்டது. பிறகு, "கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

அன்றைக்கே இரண்டு கட்டிலையும் இழுத்து இரண்டு அடுப்படியிலும் ஜன்னலுக்குக் கீழே போட்டோம்.

சொன்னபடி மகன் வந்தான். முகம் சுருங்கிவிட்டது. "பெத்தவள அடுப்படியில படுக்க வச்சா பாக்கிறவன் என்ன சொல்வான் சின்னம்மா?" அவனை என் அடுப்படிக்குக் கூட்டிவந்து ஜன்னலுக்குக் கீழே நிற்கவைத்தேன். அந்தப் பக்கம் அக்கா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"வந்ததுலேருந்து கட்டிலையே பாக்குறான். சாப்பிட்டியாம்மான்னு ஒரு வார்த்தை இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பின் முதியோர் இல்லம் பேச்சை எடுக்கவில்லை. கட்டில் பக்கத்தில் கேஸ் இருக்கக்கூடாது என்று அடுப்பையும் கேஸ் தோங்கையும் இரண்டு வீட்டிலும் ஹாலுக்கு மாற்றிக்கொடுத்தான். இப்போது ஹாலில் சமைக்கிறோம், அடுப்படியில் படுக்கிறோம்.

நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அந்தக் கிணற்றில் எல்லா மாடிச் சத்தமும் இறங்குகிறது. மேலே யாரோ இருமுகிறார்கள். கீழே வங்காளதேசப் பையன்கள் போனில் அம்மாவோடு பேசுகிறார்கள். முன்பு சத்தம் இல்லையே என்று புரண்டேன். இப்போது எது அக்கா சத்தம் என்று பிரித்துப் பார்த்துப் புரள்கிறேன்.

போன வாரம் கீழே கூட்டம் போட்டார்கள். தேர்தல் வருகிறதாம். இது புது ஒய்.பி. நடுக்கிணற்று ஜன்னல்களையெல்லாம் எடுத்துவிட்டு இறுக்கிச் சாத்துகிற கண்ணாடி போட்டுத் தருவாராம். அடுத்த வீட்டு வாசமும் வராது, சத்தமும் வராது என்றார். கைதட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"எங்க ரெண்டு வீட்டுக்கும் வேணாம் ஐயா."

அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியாது. தினமும் வேலை விட்டு வந்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.