நாலாவது மாடியில் நிற்காத லிஃப்ட்

பகடையை உருட்டுவதற்கு முன் லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் கட்டைவிரலால் மேசையை ஒருமுறை அழுத்துவார். பொத்தானை அமுக்குவதுபோல. பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். அப்புறம்தான் அட்டை மறைப்புக்குப் பின்னால் பகடை விழும்.

ஞாயிறு மதியம், தையல்கார அக்காவின் கடையில், துணி வெட்டும் மேசையில் ஆட்டம். கதையை நடத்துவது அவர். அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக அக்காவும் நானும். எங்கள் ஊரிலேயே ஒரு மாய லிஃப்ட். ஒரு மாடி ஏறினால் முப்பது வருஷம் பின்னால் போகும். தெரு அதேதான், பேய்கள்தான் வேறு. பகடையில் விழும் எண்தான் மாடி; அதை மறைப்புக்குப் பின்னால் பார்த்துச் சொல்வது அவர்.

"பேய் பொய்யா இருக்கலாம் தம்பி, தெரு பொய்யா இருக்கக் கூடாது" என்பார். யார் எதை அடித்துச் சொன்னாலும் எனக்கு உள்ளே ஒரு நெருடல். மூன்றாவது மாடித் தெருவில் எரிவாயு விளக்கு எரிகிறது என்றார். உண்மையா என்று பார்க்க, ஊரின் பழைய தெருக்களைப் பற்றிய தடித்த புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்தேன். எரிவாயு விளக்கேதான். இருந்தாலும் திருப்பிக் கொடுக்கவில்லை. என்றைக்காவது மாட்டுவார் என்று கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

அந்த வாரம் அக்காவின் பாத்திரமான தபால்காரி தனியாக நாலாவது மாடியில் இறங்கினாள். கதவு மூடிக்கொண்டது. "மீதி அடுத்த வாரம்" என்றார் அண்ணன்.

மூன்று மாதமாயிற்று. மறுபடி நாலு விழவேயில்லை. அக்கா பகடைச் சத்தம் கேட்டபடி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என் ஆளு அங்க நரைச்சே போயிருப்பா. இன்னிக்கும் போகலைன்னா நான் ஆட்டத்துல இல்லண்ணே."

அன்று நான் இடம் மாறி உட்கார்ந்தேன். சட்டை போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கட்டைவிரல் அழுத்தியது. பகடை உருண்டது. கண்ணாடியில் நாலு.

"ரெண்டு" என்றார்.

"நாலு" என்றேன். "கண்ணாடில பாத்தேன்."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "மூணு மாசமா இதுதானா? என்னைக் கழட்டி விடணும்னா நேரா சொல்லலாமே!"

"இல்லம்மா... நாலாவது மாடி இன்னும் ரெடியாகல."

"அதைக் கட்டுறதே நீங்கதானே! செங்கல் வரலையாக்கும்?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அட்டையை மடித்து, பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும்.

இனி சரிபார்க்க எதுவுமில்லை என்று புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது? லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் இதுக்காக ஆறு தடவை வந்துட்டாருப்பா. யாரோ எடுத்துட்டுப் போய்த் தரலைன்னேன். 'பரவால்ல, அவருக்கு என்ன அவசரமோ, படிக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனார்."