தேங்காய் துருவும் மாப்பிள்ளை

பெருங்கடவிளை சர்ச் ஹாலில் இன்று, நான் ஜெயிலில் நடத்தும் வகுப்பின் ஓவியக் கண்காட்சி. எல்லாம் கைதிகள் வரைந்த படங்கள். வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்று எதிலும் பெயர் போடவில்லை.

மதியம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒரு படத்தின் முன்னால் இளையவள் அப்படியே நின்றுவிட்டாள். அதில் கணவன் தேங்காய் துருவுகிறான். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடிக்கிறாள். காலடியில் ஒரு பூனை.

"கள்ளம்! முழுக் கள்ளமாக்கும் டீச்சரே!"

ஹாலே திரும்பிப் பார்த்தது.

"அடுக்களை எனக்க அடுக்களை, பூனை எனக்க பூனை. ஆனா எனக்க மாப்பிள ஒரு நாளாவது தேங்கா திருவினது உண்டா? நான் எப்பம் கசேரையில இருந்து சாயா குடிச்சேன்?"

கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா மெதுவாகக் கேட்டார்: "உனக்க மாப்பிள கல்ஃபுல இல்லியா மக்கா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படத்துப் பூனையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இல்லக்கா. ஜெயிலிலதான். படம் நல்லாருக்கா, சொல்லுங்க."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "பூனை அச்சு அசலாக்கும். நீ பக்கத்துல போய் நில்லு, ஒரு போட்டோ எடுக்கேன்."

போகும்போது அவள் என்னிடம், "வந்து திருவச் சொல்லுங்க டீச்சரே, பாப்போம்" என்றாள்.

எல்லோரும் போனபின் படத்தை மறுபடி பார்த்தேன். துருவலைப் பலகையில் அதன் பல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பல்லே இல்லாத முன்பக்கம் தேங்காயைப் பிடித்திருக்கிறார் மனிதர்.

அவள் சொன்னது சத்தியம்.

அடுத்த வகுப்பில் நான் திருத்தவா, இல்லை வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவா?