வைஃபை பெட்டிக்குத் தைத்த உறை

அந்தத் தெருவில் 'உறைக்காரி' என்று கேட்டால்தான் அவளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களே முழிப்பார்கள். சாப்பாட்டுப் பை தைக்கும் பட்டறையில் அவள் தையல்காரி. அங்கே மிஞ்சுகிற துண்டுத் துணியெல்லாம் வீட்டுக்கு வந்து உறையாகிவிடும். மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கு வைத்த உறை. "அசந்து தூங்கினா எனக்கும் ஒண்ணு மாட்டிடுவா" என்பார் பஸ் ஓட்டும் அவள் கணவர். தூசியென்றால் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

சும்மா சொல்லக்கூடாது, அபாரமான கை. ஆனால் பட்டறையில் வெட்டும் மேசைப் பக்கம் அவளை விட்டதே இல்லை. "நீங்க தைங்கம்மா, வெட்ட ஆள் இருக்கு" என்று வருடக்கணக்காக முதலாளியின் ஒரே பாட்டு. அவளுக்கோ வெட்டுவதில்தான் உயிர். அப்படியிருக்க, ஒரு பெரிய பை கம்பெனி கட்டிங் மாஸ்டர் தேடியது. தேர்வு வீடியோ காலில். அவள் கத்திரியை எடுத்ததும் படம் நின்றுபோனது. நல்ல வேளை, கம்பெனி மேலாளரம்மா இரக்கப்பட்டார். "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம். அதுவும் நின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டில் வைஃபை இருக்கிறது. இருந்தும் அவள் போன் சிம் டேட்டாவையே உறிஞ்சியது. ரெண்டு தையல் வீடியோ பார்ப்பதற்குள் அன்றைய டேட்டா காலி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் வந்தான். போன் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் எண்ணம்.

"அண்ணி, வைஃபை லேசா தடுமாறினா போன் அதுவாவே டேட்டாவுக்குத் தாவிடும். இதோ, அதை நிறுத்திட்டேன்."

போன் தாவவில்லை. வீடியோவும் ஓடவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"டேட்டாவைத் தின்னாலும் ஓடிட்டாவது இருந்துச்சேப்பா! தலைவலி போயி திருகுவலி வந்த மாதிரி ஆயிடுச்சே!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருங்க அண்ணி, வைஃபையை மறுபடி புதுசா சேர்த்துப் பார்ப்போம். பாஸ்வேர்டு என்ன?"

பாஸ்வேர்டு வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. கணவர் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி, உறையைக் கழற்றி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். கொழுந்தன் தட்டினான். வைஃபை கோடுகள் முழுசாக ஏறின. வீடியோ தண்ணீராக ஓடியது.

"பார்த்தீங்களா!" என்று கொழுந்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

கணவர் பெட்டியை மேலே வைத்து, உறையை மாட்டி, நாடாவை ஒழுங்காகக் கட்டினார். கட்டாவிட்டால் யார் திட்டு வாங்குவது? கட்டி முடிப்பதற்குள் வட்டம் மறுபடி சுற்றியது.

"போச்சு அண்ணி. இந்தப் போனைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க."

அவள் போனைப் பார்க்கவில்லை. நாடாவின் மேலிருந்த கணவர் கையைப் பார்த்தாள்.

"என்னங்க, அதைக் கழட்டுங்க."

கழற்றினார். வீடியோ ஓடியது.

"மாட்டுங்க."

மாட்டினார். நின்றது.

சாப்பாட்டுப் பைக்குள் சூடு ஆறாமல் இருக்க வைத்துத் தைக்கும், அலுமினியத் தாள் ஒட்டிய வெள்ளித் துணி. அதை இரண்டு மடிப்பாக வெட்டி, மேலும் கீழும் மூடி, வயர் போக மட்டும் ஓட்டை விட்டு அவளே தைத்திருந்தாள். "அடக் கடவுளே, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கணவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது. அவளும் சிரித்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை, அவள் தைத்ததிலேயே அதுதான் நல்ல உறை.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் துணியை விரித்தாள். படம் நிற்கவில்லை. அவள் வெட்டி முடிக்கும்வரை மேலாளரம்மா திரைக்குக் கிட்டே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்களே வெட்டித் தச்சது ஏதாவது இருந்தா காட்டுங்க" என்றார்.

பதற்றத்தில் கைக்குக் கிடைத்தது நாற்காலியில் கிடந்த அந்த உறைதான்.

"உள்பக்கம் திருப்புங்க... வெள்ளித் துணி வெட்டுறப்ப வழுக்கிட்டுப் போகுமே. ஓரத்துல ஒரு பிசிறு இல்லையே! சூடு நிக்குமா?"

"சூடு என்னங்க மேடம், வைஃபையே நிக்குது. போன தடவை படம் நின்னுபோனது இதாலதான்."

மேலாளரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அந்த உறையையும் எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை வந்து சேருங்க. வெட்டுற மேசை உங்களுக்குத்தான்."

போனை வைத்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கணவர் உள்ளே வந்தார். அவள் அழுவதைப் பார்த்து மேசையிலிருந்த கத்திரியைக் காட்டினார்.

"எல்லாத்துக்கும் உறை தச்சியே, இந்தக் கத்திரிக்கு மட்டும் ஏன் தைக்கல?"

"போங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அது எப்ப சும்மா கிடக்கப் போகுது, உறை மாட்ட?"