பேராதனைக்குத் திரும்பிப் போனவள்

உரும்பிராய்த் தோட்டக்காரர் சண்முகநாதனின் ஒரே மகள் அருந்ததி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். எண்பத்துமூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தோடு படிப்பு நின்றது. ஊருக்கு ஓடி வந்த மற்ற மாணவர்களோடு அவளையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாக வகுப்புகளில் இருக்க விட்டார்கள்.

வீட்டிலிருந்து சைக்கிளில், பல்கலைக்கழகம் இருந்த திருநெல்வேலிக்குப் போய் வந்தாள். பேராதனையில் கூடப் படித்த பத்மாவதியும் அங்கே வந்திருந்தாள். மத்தியானத்தில் இருவரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் வகுப்பில் பிரதிநிதித்துவம் பற்றிப் பேச்சு வந்தது. சனத்தின் பேரில் துவக்குத் தூக்குகிற இயக்கக்காரர்கள் சனத்திடம் எப்போது கேட்டார்கள் என்று அருந்ததி கேட்டாள். விரிவுரையாளர் யன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

வெளியே வந்ததும் பத்மாவதி மெதுவாகச் சொன்னாள். "உதுகளை இஞ்சை கதையாதையும் அருந்ததி. உம்மோடை திரியிற எங்களுக்கும் கரைச்சல்."

அடுத்த கிழமை பத்மாவதி வேறு வாங்கில் போய் இருந்தாள். அருந்ததியை யாரும் ஏசவில்லை. யாரும் கதைக்கவுமில்லை.

அந்த நாட்களில்தான் பல்கலைக்கழக நிர்வாகம் ஓடி வந்த மாணவர்களிடம் முடிவு கேட்டது: யாழ்ப்பாணத்துக்கே மாறுவதா, பேராதனைக்குத் திரும்புவதா? அநேகமாக எல்லோரும் யாழ்ப்பாணம் என்றார்கள்.

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்ற தகப்பனிடம் போனாள்.

"நான் பேராதனைக்கே போறன் ஐயா."

"அடிச்சுக் கலைச்ச இடத்துக்கோ?"

"இஞ்சை வாயை மூடிக்கொண்டு அரசியல் படிக்கேலாது."

சண்முகநாதன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மகளைப் பார்த்தார். "அங்கை மட்டும் வாயைத் திறப்பியோ பிள்ளை?"

ஆனாலும் போனாள்.

பேராதனையில் தமிழ்மொழிமூல வகுப்பு மெலிந்துபோயிருந்தது. மலையகத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுமாக ஒரு வரிசைகூட நிரம்பவில்லை. விடுதி அறையில் மற்றக் கட்டில் மெத்தையில்லாமல் கிடந்தது. சாப்பாட்டறையில் சிங்கள மாணவிகள் சிரித்து இடம் விடுவார்கள். வடக்கில் குண்டு வெடித்த செய்தி வருகிற நாளில் அந்தச் சிரிப்பும் இராது. அவள் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். தகப்பன் கேட்டது சரிதான். அங்கே அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க இருந்ததையெல்லாம் இறுதியாண்டுக் கட்டுரையில் எழுதினாள்.

படித்துப் பார்த்த விரிவுரையாளர் கதவைச் சாத்திவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறீர். வெளியிலை ஒருதருக்கும் காட்டாதையும்" என்றார்.

நல்ல தரத்தில் சித்தியடைந்து ஊர் வந்தாள். பத்மாவதி அதற்குள் கனடாவுக்குப் போய்விட்டாள்.

பிறகு அச்சுவேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் உயர்தர வகுப்புக்கு அரசியல் படிப்பிக்கக் கிடைத்தது. முதல் நாள் ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரைக்காரி பராசக்தி தேத்தண்ணீரை நீட்டியபடி விசாரித்தாள்.

"நீங்கள் எந்தக் கம்பஸ் ரீச்சர்?"

"பேராதனை."

"கலவரத்துக்கு முந்தியோ?"

"பிறகும்தான்."

பராசக்தி தன் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினாள். அருந்ததி தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.