இடம் மாறிய துண்டு

புனே வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக் கமல் காக்கு என்னைப் பார்த்து, "துலா முல கிதி?" என்று கேட்டார். என் திருநெல்வேலிக் காது அதை வேறெப்படியோ கேட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். மராத்தியில் முல என்றால் குழந்தைகள், கிதி என்றால் எத்தனை, காக்கு என்றால் சித்தி மாதிரி என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கேள்வி புரிந்தபின் பதில் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. அடுத்த நான்கு வருடங்களில் மூன்று முறை உண்டானேன். ஒன்றும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை.

என் கணவர் முருகேசனுக்கு ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. மூன்றாவதும் போன பிறகு ஒரு டாக்டரம்மா எங்கள் இருவர் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார். அதுவரை எல்லாச் சோதனையும் எனக்குத்தான். ஊரிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், அனுப்பிய லேகியமும் எனக்குத்தான். முடிவு வந்த அன்று டாக்டரம்மா இவரைப் பார்த்து, "குச் கம் நஹி. ஸிர்ஃப் ஜகா பதல் கயி," என்றார். எதுவும் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இவர் தப்பாகப் புரிந்துகொண்டு, தெரிந்த இந்தியில், "ஹம் காவ் வாபஸ் ஜாயே?" என்று கேட்டார். அதற்காக ஊருக்கே திரும்பிவிடத் தயாராக இருந்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு தாளில் கோடுகள் வரைந்து காட்டினார். இவர் உடம்பில் இரண்டு குரோமோசோம்கள் தங்கள் நுனித் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. இவருக்கு அதனால் கெடுதல் இல்லை. குழந்தைக்குப் போகும்போது ஒரு துண்டு கூடினாலோ குறைந்தாலோ கரு நிற்காமல் போகலாம். சரியாகப் போனால் நிற்கும். பெற்றவர்களிடமிருந்து வந்திருக்கலாம், கூடப்பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "மூணு தடவையும் எல்லாரும் உன்னையத்தான் பாத்தாங்க. நானும் உன்னையத்தான் பாத்தேன்," என்றார்.

"நீங்க என்ன, வேணும்னா செஞ்சீய? எந்திரிச்சு மூஞ்சியக் கழுவுங்க," என்றேன். எனக்குக் கோபம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வைத்திருக்க முடியவில்லை.

தென்காசியில் கட்டிக்கொடுத்திருந்த இவர் தங்கை செல்விக்கும் இரண்டு கலைந்திருந்தன. அவள் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சுகூட நடந்துகொண்டிருந்தது. மறுநாளே இவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"என்னய்யா சொல்லுத? நம்ம வம்சத்துல அப்படியெல்லாம் கெடையாது," என்று அத்தை போனை வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து காக்கு வீட்டுப் போனுக்கு அத்தையே கூப்பிட்டார். "உனக்கு முன்னால எனக்கு ரெண்டு போச்சுய்யா. செத்துப்போன உங்கப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும். அந்த டாக்டர் வரைஞ்ச தாள அனுப்பு."

ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினோம். அத்தை செல்வியையும் மாப்பிள்ளையையும் சோதனைக்கு மதுரைக்குக் கூட்டிப்போனார். செல்விக்கும் அதேதான். சம்பந்தி வீட்டில் அத்தை, "எம் மவள ஒண்ணும் சொல்லாதீய. இது எங்கிட்ட இருந்துதான் போயிருக்கும். பழி சொல்லணும்னா என்னையச் சொல்லுங்க," என்றாராம். தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்காமலே சொன்னார். பெண் பார்க்கும் பேச்சு நின்றது.

நான்காவது முறை மூன்று மாதம் தாண்டியது. கருவைச் சோதிக்க வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நாங்கள் இருவரும் குழந்தை என்ற சொல்லையே வீட்டில் சொல்லவில்லை. அப்பாவைப் போலவே இடம் மாறியிருக்கிறது, கூடவுமில்லை குறையவுமில்லை என்றார்கள். அப்படிப் பிறந்த மகள் இப்போது இங்கே பள்ளிக்குப் போகிறாள். ஒருநாள் அந்தத் தாளை அவளுக்கும் காட்ட வேண்டும்.

அவள் வயிற்றில் இருந்த ஏழாம் மாதம் அத்தை வளைகாப்புக்கு வளையல்களோடு ரயிலேறி வந்தார். காக்குவும் பச்சை வளையல்கள் வாங்கி வைத்திருந்தார். அவர்கள் வழக்கத்திலும் உண்டு. யார் முதலில் என்று தயங்கி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. போட்டுக்கொண்டிருக்கும்போதே அத்தை காக்குவிடம் இரண்டு விரலைக் காட்டி, "எனக்கும் ரெண்டு போச்சும்மா," என்றார், தமிழிலேயே. மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள் காக்கு ஒரு விரலை உயர்த்தி, "மாஜ ஏக்," என்றார். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. வலது கை அத்தையிடம் இருந்தது, இடது கை காக்குவிடம். கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கென்று ஒரு கை மிச்சமில்லை.