சுவரில் நெருங்கி வந்தவர்கள்

குன்னூருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுவதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. தகரத்தில் வெட்டிய அச்சைப் பலகைமேல் வைத்துக் கறுப்பு மையைப் பூசினால் இங்கிலீஷில் எஸ்டேட் பெயர் விழும். அதை வாசிக்கக்கூட அவருக்குத் தெரியாது. படம் வரைய யாரிடமும் கற்றுக்கொண்டதும் இல்லை.

கோயமுத்தூரிலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாவது மழைக்காலத்தில் அவருக்குத் தூக்கம் கெட்டது. சோற்றில் கை வைத்தபடியே தலையைச் சாய்த்து எதையோ கேட்பார். ஒரு சாயங்காலம் பேக்டரி மையைக் கொண்டுவந்து அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒரு மலை வரைந்தார். உச்சியில் பொட்டுப் பொட்டாக ஏழெட்டுப் பேர்.

"யாருங்க இவங்க?"

"வந்துட்டு இருக்காங்க. உன்ற கண்ணுக்குத் தெரியலியா அம்மிணி?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் பக்கத்திலேயே இன்னொரு மலை. அதில் அவர்கள் பாதிச் சரிவுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவதில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றார்கள். கண் இல்லை, வாய் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் சுள்ளி பொறுக்கப் போனபோது, பனிமூட்டத்துக்குள் கொழுந்து பறிப்பவர்கள் கம்பளி போர்த்தி அசையாமல் நின்றார்கள். தெரிந்த பெண்கள்தான். இருந்தும் சுள்ளிக்கட்டை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

நான்காவது படம் எங்கள் கதவு. ஒரு பெண் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள். அவள் சேலைக் கரை என் சேலைக் கரை.

"நீதான் தொறந்து உடுறே" என்றார், கோபமே இல்லாமல். அவர் வெளியே போனதும் அரிவாள்மனையை விறகுக்கடியில் ஒளித்தேன்.

தேயிலைப் பெட்டிகளிலும் அந்த மனிதர்கள் வரத் தொடங்கியதும் கணக்கப்பிள்ளை வீடு தேடி வந்தார். சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "துரை கண்ணுல பட்டா மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் போடுவாருங்க. மொதல்ல இதுக்குச் சுண்ணாம்பு அடிங்கம்மா."

அன்றைக்கே அடித்தேன். இரண்டு பூச்சு.

வேலை முடிந்து வந்தவர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்துச் சமையல் மூலையில் ஒதுங்கினேன். அவரோ கதவைச் சாத்தி, அதில் முதுகை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார்.

"என்ன காரியம் பண்ணிப்போட்டே அம்மிணி! இப்ப அவங்க எங்க நிக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மூன்று நாள் அந்தக் கதவை விட்டு எழவில்லை. சோறு இறங்கவில்லை. காற்று தட்டினாலும் கத்தினார். எங்கிருந்து வருவார்கள் என்று தெரியாமல் என் கண்ணும் ஜன்னலுக்கும் கூரைக்குமாக அலைந்தது. சுவரில் இருந்தவரை அவர்கள் அங்கேயாவது இருந்தார்கள்.

நான்காம் நாள் அவரைக் கெஞ்சிக் கதவை விட்டு நகர வைத்து, நானே பேக்டரிக்குப் போய், அழுது, ஒரு கொட்டாங்கச்சி மை வாங்கி வந்து அவர் கையில் பிரஷைத் திணித்தேன். "பார்த்துச் சொல்லுங்க. எங்க நிக்கறாங்க?"

நெடுநேரம் வரைந்தார். படத்தில் ஓர் ஆறு; அதற்கு அந்தப்பக்கம் நின்றார்கள். அதைப் பார்த்த பிறகு ஒரு வாய் சோறு கேட்டார்.

வேலை போனது. எஸ்டேட் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். குன்னூர் பஜாரில் ஒரு பாய் தம் கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்தார். நான் இட்லி சுட்டு விற்றேன். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளில் அவர் வரைந்தார். சில மாதம் வெறும் மலைதான். சில மாதம் அவர்கள் வாசல்வரை வந்துவிடுவார்கள்; அந்த நாட்களில் அவரைத் தனியே விட்டு நான் தண்ணீருக்குக்கூடப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பவில்லை. அது சரியா தவறா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஒன்பது வருஷம் அப்படிப் போனது. ஒரு மார்கழிக் குளிரில் மார்ச்சளி கண்டு, என் மடியில் போனார்.

பஜாரில் இருந்தவர்கள் பலகைகளை அடுப்புக்குக் கேட்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை. கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து ஒரு மூலையில் அடுக்கியிருக்கிறேன், படம் சுவர்ப்பக்கம் பார்க்கும்படி.